தெரியாப் பரிசாரி

எங்கள் தெருவில் இருந்த பரிசாரியாருக்கு ஊர் வைத்த பெயர் தெரியாப் பரிசாரி. நாட்டு வைத்தியரை எங்கள் பக்கத்தில் பரிசாரி என்றுதான் சொல்வோம். நோயாளி வந்து குந்தி, தன் வருத்தத்தை எல்லாம் சொல்லி முடித்து, "இது என்ன வருத்தம் பரிசாரியார்?" என்று கேட்டால், மற்றப் பரிசாரிமார் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பேரைச் சொல்லி விடுவார்கள். இவரும் நாடியைப் பிடிப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். நகத்தை அமத்திப் பார்ப்பார். கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியா" என்பார்.

"தெரியாட்டி என்னத்துக்கு இஞ்ச கதிரை போட்டுக் குந்தி இரிக்கீங்க?" என்று சந்தையில் மரக்கறி விற்கும் பெண் ஒருத்தி ஒருநாள் அவரைக் கேட்டாள்.

"தெரிஞ்ச அண்டைக்குச் சொல்லத்தான் இரிக்கன்" என்றார் அவர். சிரிக்கவில்லை. அவர் பகிடி விடுகிறாரா இல்லையா என்று யாருக்கும் விளங்காது.

அவருடைய வளவுக்குள் நுழையும் கடப்படியோரம் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, அதில்தான் என் தையல் மெசினை வைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தையல் பழகியவன் நான். எனக்குக் கதை வராது. அளவு கொடுக்க வருகிறவர்களிடம் ஓம், இல்லை என்ற இரண்டோடு முடித்துக்கொள்வேன். அதனாலோ என்னவோ அந்த வளவில் நடப்பதை எனக்கு யாரும் மறைத்ததில்லை. வாசலில் குந்திக் கதைக்கும்போது அங்கே ஒரு மெசின் ஓடுகிறது என்றுதான் எண்ணுவார்கள், ஒரு ஆள் இருப்பதாக எண்ணமாட்டார்கள்.

பரிசாரியார் ஆள் நெடுவல். மெலிவு. வெள்ளைச் சாரமும் கை வைத்த பெனியனும். பிடி உடைந்து கயிறு சுற்றிய ஒரு குடை. வாயில் எப்போதும் ஒரு இலையோ வேரோ கிடக்கும். தான் குடித்துப் பார்க்காத எதையும் அவர் இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை. யாராவது புது மருந்தென்று ஒன்றைக் கொண்டுவந்தால் முதலில் கொஞ்சம் நக்குவார். அடுத்த நாள் கொஞ்சம் கூட்டிக் குடிப்பார். பிறகு பூவரச மர நிழலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, என்ன வருகிறது என்று பார்த்தபடி இருப்பார். வயிறு வலித்தால் சந்தோசப்படுவார். அவருடைய பெண்சாதி குசினி வாசலில் நின்று கேட்பா:

"இண்டைக்கு என்ன நஞ்சு?"

"நஞ்சா இல்லையா எண்டு மறுகா சொல்றன் புள்ள."

"மறுகா சொல்றதுக்கு ஆள் இரிக்கணுமே."

ஒருமுறை பாலமுனையில் இருந்து சொந்தக்காரர் ஒருவர் ஒரு இலையோடு வந்தார். பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கும் கூகைக்கட்டுக்கு இதை அரைத்துப் பூசினால் ஒரே நாளில் வற்றிவிடும் என்றார். பரிசாரியார் இலையை வாங்கி அரைத்துத் தன் கன்னத்திலேயே பூசிக்கொண்டார். வருத்தமே இல்லாத கன்னம். விடிந்தபோது கன்னம் வெந்து கொப்பளித்து ஒரு கண்ணை மூடிவிட்டது. அது வெள்ளிக்கிழமை. அந்த முகத்தோடு அவர் ஜும்மாவுக்குப் போனார்.

"என்ன பரிசாரியார், வீட்டுல அடி பலமா?" என்று பள்ளிவாசல் படியில் கேட்டார்கள்.

"அந்த இலை ஆகாது. இது இப்ப எனக்குத் தெரியும்" என்று அவர் வீங்கிய வாயால் எல்லாருக்கும் சொன்னார். கலியாண வீட்டுக்காரன் ஆட்களை அழைக்கும் சந்தோசம் அந்தக் குரலில் இருந்தது. 'தெரியும்' என்ற சொல்லை அவர் வாயால் கேட்க வேண்டுமானால், அதற்கு முன் அவருடைய உடம்பு ஒரு பாடு பட்டிருக்க வேண்டும்.

இப்படி நக்கி நக்கி அவருடைய நாக்குச் செத்துப்போயிற்று. சோற்றுக்கு உப்புக் காணுமா என்று கேட்டால் அதற்கும் தெரியா. அவருக்கு ஒரே மகள். "வாப்பாட நாக்கு எப்பவோ மௌத்து. நாமதான் இன்னும் அடக்கம் செய்யல்ல" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். அதற்கு அவரும் சிரிப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்தது அவளுடைய பகிடிகளுக்கு மட்டும்தான்.

அவரிடம் ஆட்கள் அதிகம் வந்தது செங்கமாரிக்கு. கண்ணும் உடம்பும் மஞ்சளாகிப் போகும் அந்த வருத்தத்துக்கு அவருடைய வாப்பாவின் காலத்தில் இருந்து அந்த வீட்டில் கீழ்க்காய் நெல்லி கொடுத்து வந்தார்கள். மாரியில் வேலியோரம் தானாக முளைக்கும் சின்னச் செடி. அதை வேரோடு பிடுங்கிக் கழுவி, ஆட்டுப்பாலில் அரைத்துக் கொடுப்பார்கள். குடித்தவர்களுக்குச் சுகம் வந்தது. ஊர் நம்பியது. நம்பாத ஒரே ஆள் மருந்து கொடுத்தவர்தான்.

இறக்காமம் பக்கத்து வயல் வட்டையில் வேளாண்மை செய்யும் ஒருவன் சுகப்பட்டு, நன்றி சொல்ல ஒரு சாவல் கோழியைக் கொண்டுவந்தான். "ஒங்கட மருந்துதான் பரிசாரியார் என்னை எழுப்பின" என்றான்.

"தெரியா. குடிக்காட்டியும் நீ எழும்பித்தான் இரிப்பாய் போல."

அவனுக்கு முகம் கறுத்தது. "அப்ப இந்தச் சாவலை நான் என்ன செய்ற?"

உள்ளே இருந்து மாமி ஓடிவந்தா. அவருடைய பெண்சாதியை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். "அவருக்குத் தெரியாட்டி எனக்குத் தெரியும் தம்பி. நீ கொண்டா இஞ்ச" என்று சாவலைக் காலோடு பிடித்து வாங்கிக்கொண்டா.

பரிசாரியாருக்குச் சாவல் ஞாபகமே இல்லை. அவனை மறித்து வைத்துக்கொண்டு, "ஒங்கட பக்கத்துல இந்த வருத்தம் வந்து, ஒரு மருந்தும் குடிக்காம கிடந்தவன் ஆரும் இரிக்கானா?" என்று கேட்டார். ஒருவன் இருக்கிறான் என்றான். அடுத்த நாள் வெள்ளென குடையை எடுத்துக்கொண்டு இறக்காமத்துக்கு பஸ் ஏறிவிட்டார். சுகப்பட்டவன் சொல்லும் நல்ல வார்த்தையைக் கேட்கப் போகும் பரிசாரிமாரைக் கண்டிருக்கிறேன். தன் மருந்தைக் குடிக்காதவன் எப்படி இருக்கிறான் என்று பார்க்க யானைக் காட்டு ஓரத்துக்குப் போனவர் இவர் ஒருவர்தான். முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்து என் கொட்டிலில் குந்தினார்.

"தம்பி, அவனுக்கும் கண் வெளுத்திட்டுது. கஞ்சியக் குடிச்சுக்கிட்டுச் சும்மா கிடந்திரிக்கான்."

நான் மெசினை நிற்பாட்டி அவரைப் பார்த்தேன்.

"அப்ப எங்கட வாப்பா இவ்வளவு காலமும் என்னத்தைக் குடுத்தாரு?" என்றார். பதிலை என்னிடம் எதிர்பார்க்கவில்லை. எழும்பிப் போய்க் கிணற்றடியில் கால் கழுவினார். கன நேரம் கழுவினார்.

அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வெளியூரில் இருந்து ஒரு இளம் டாக்குத்தர் வந்திருந்தார். ஒருநாள் சட்டை தைக்க என்னிடம் வந்தவர், வாசலில் காய்ந்துகொண்டிருந்த செடியைக் கண்டு, இது என்ன என்று பரிசாரியாரிடம் கேட்டார். கதை தொடங்கியது.

"உங்கட இலையாலதான் சுகம் வருதெண்டு எப்படிச் சொல்லுறீங்கள்?"

"நான் எங்க சொன்ன? ஊர்தான் சொல்லுது."

டாக்குத்தர் சிரித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். "இது வைரசு எண்ட கிருமியால வாற வருத்தம். எங்களிட்டையும் இதைக் கொல்ல மருந்தில்லை. அநேகமான ஆக்களுக்குத் தானாவே மாறிப்போகும்."

"அப்ப இலை அந்தக் கிருமிக்கு ஏதாவது செய்யுதா, செய்யல்லயா?"

"தெரியாது" என்றார் டாக்குத்தர்.

பரிசாரியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, "புள்ள, டாக்குத்தருக்கு நல்ல தேத்தண்ணி ஒண்டு போடு" என்று சத்தம் வைத்தார். அதற்குப் பிறகு அந்த இருவரும் கூட்டாளிகள்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்தன. என் கொட்டிலின் கூரை எங்கே போனது என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. மெசின் மட்டும் மணலில் நின்றது. கிணறுகளுக்குள் கண்ட கண்ட தண்ணீர் எல்லாம் இறங்கியது. கொஞ்சக் காலத்தில் தெருத்தெருவாகச் செங்கமாரி கிளம்பியது. பரிசாரியாரின் கடப்படியில் சனம் நிரம்பி வழிந்தது.

அப்போதுதான் அவரும் டாக்குத்தரும் அந்த வேலையைத் தொடங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரு மருந்தைப் பரீட்சை செய்யும்போது, ஒரு பகுதி ஆட்களுக்கு அந்த மருந்தும் மறுபகுதிக்கு அதே நிறத்தில் வேறொன்றும் கொடுப்பார்களாம். எது யாருக்குப் போனது என்று கொடுக்கிறவருக்கும் தெரியக்கூடாதாம். தெரிந்தால் அவருடைய கண் அவரை ஏமாற்றிவிடுமாம்.

"எனக்குத் தெரியக்கூடாதா? இது நம்மளுக்கு ஏத்த வேலைதான்" என்றார் பரிசாரியார்.

இரண்டு பானை வைத்தார்கள். ஒன்றில் கொத்தமல்லியோடு கீழ்க்காய் நெல்லியை அவித்தார்கள். மற்றதில் கொத்தமல்லியும் கசப்புக்குக் கடும் தேயிலைச் சாயமும். நோன்பு காலத்தில் எங்கள் பெண்கள் விளையாடுவதற்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கி வைத்திருப்பார்கள். அப்படி ஒரு கொட்டையை மாமி குசினிக்குள் உருட்டுவா. வெள்ளை விழுந்தால் ஒரு பானை, கறுப்பு விழுந்தால் மற்றப் பானை. போத்தலின் கழுத்தில் கட்ட என்னிடம் வெள்ளை நூலும் கறுப்பு நூலும் வாங்கிக்கொண்டு போனா.

"எது எதுக்கெண்டு கேக்காத மகன்" என்றா.

நான் கேட்கவில்லை. நான் கேட்கமாட்டேன் என்று அவவுக்குத் தெரியும்.

"உலகத்துல தெரியாம இரிக்கிற ஆக்கள் கன பேர். பாடுபட்டுத் தெரியாம இரிக்கிற ஆள் இவரு ஒராள்தான்" என்று மகள் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னாள். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் முடித்தால் வீட்டை அவளுக்கே கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு சின்னக் குடிலுக்கு ஒதுங்குவார்கள். மருமகன் வேளாண்மைக்காக இறக்காமத்து வட்டையில் வாடி போட்டுத் தங்கியிருந்தான்.

வருகிற ஒவ்வொருவரிடமும் பரிசாரியார் வெளிப்படையாகச் சொன்னார்: "ஒரு போத்தல்ல இலை இரிக்கி, ஒண்டுல இல்ல. எது ஒனக்கு வருமெண்டு எனக்கே தெரியா. விருப்பமில்லாட்டிச் சொல்லு, இலையையே தாறன்." சிலர் ஏசிவிட்டுப் போனார்கள். இலையையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு. ஆனாலும் கனபேர் சம்மதித்தார்கள். வருத்தமில்லாத தன் கன்னத்திலேயே பூசிப் பார்த்த மனுசன் பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். பகல் முழுக்க அவர் குடையோடு வீடு வீடாகப் போய்க் கண்ணின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

பிள்ளைத்தாச்சிகளை மட்டும் அவர் இரண்டு பக்கத்திலும் சேர்க்கவில்லை. அவர்களுக்குத்தான் இந்த வருத்தம் சில நேரம் கடுமையாகும் என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒருத்தி கெஞ்சினாள். "நான் குடிச்சுப் பாத்துத்தான் குடுக்கிறன். ஆனா நான் ஆம்புள. வகுத்துல இரிக்கிற புள்ளைய இந்த இலை என்ன செய்யுமெண்டு பாக்க எனக்கு வழியில்ல மகள்" என்று அவளுக்குச் சொன்னார்.

ஒருநாள் மகள் என் கொட்டிலுக்கு வந்தாள். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பாள். "காக்கா, மிஞ்சின துண்டு ஏதும் இருந்தா சின்னச் சட்டை ரெண்டு தைச்சுத் தாங்களேன்" என்றாள். வெயில் பக்கமாக நின்றாள். நான் குனிந்த தலையை நிமிர்த்தி ஓம் என்றேன். அப்போதுதான் கண்டேன். கண் மஞ்சள்.

அன்று அந்தியில் அந்த வளவுக்குள் கேட்ட கதை இன்னும் என் காதில் இருக்கிறது.

"இஞ்ச பாருங்க. ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுக்கிற மருந்து. என்ட புள்ளைக்கு ஒரு முடறு குடுத்தா என்ன?"

"தெரியா."

"தெரியாட்டிக் குடுத்துப் பாருங்களேன்."

"தெரியாததாலதான் புள்ள குடுக்கல்ல."

"ஒங்களுக்கு ஈரல் கல்லா?"

டாக்குத்தர் வந்து பார்த்தார். படுக்கச் சொன்னார். கொதித்தாறிய தண்ணீரும் குளுக்கோசும் கொடுக்கச் சொன்னார். பரிசாரியார் மற்ற வீடுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் போன சூட்டோடு திரும்பி வந்துவிடுவார். மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, கரண்டியால் கஞ்சி பருக்குவார். "உப்புக் காணுமா மகள்?" என்று கேட்பார். "வாப்பா கேக்கிற கேள்வியா இது?" என்று அவள் சிரிப்பாள். சில நாட்கள் அப்படிப் போயிற்று. பிறகு சிரிக்கவில்லை. ஒரு காலை அவளுடைய கதை மாறியது. வாப்பாவைப் பார்த்து, "நீங்க ஆரு?" என்று கேட்டாளாம். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்குத்தர் அவளை விட்டு நகரவில்லை என்று பிறகு சொன்னார்கள். பிள்ளை பிறந்து மூச்சு விடவில்லை. அடுத்த நாள் லுஹர் தொழுகை நேரம் அவளும் போய்விட்டாள்.

மகளின் மையத்தைக் குளிப்பாட்டிக் கொண்டுவரும்வரை பரிசாரியார் பூவரசின் கீழ் அந்தக் கதிரையில் இருந்தார். மருந்து குடித்துவிட்டு என்ன வருகிறதென்று பார்த்துக்கொண்டிருப்பாரே, அதே இருப்பு.

ஜனாஸாவை அடக்கியதோடு ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. சொந்த மகளுக்கே மருந்து கொடுக்காத பரிசாரி. என் முன்னாலேயே சொன்னார்கள். சொல்லிக்கொண்டே சட்டை அளவு கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, வந்த ஆட்கள் போன பிறகு, மருமகன் வாசலில் நின்று கேட்டான். வட்டையில் இருந்து வந்தவனுக்கு மையத்தின் முகம் மட்டும்தான் கிடைத்தது.

"மாமா. ஊருக்கெல்லாம் போத்தல் போத்தலாக் குடுத்தீங்க. என்ட பொஞ்சாதிக்கு மட்டும் தெரியா எண்டு சொன்னீங்களாமே?"

"ஓம் மகன்."

"குடுத்திருந்தா அவ இருந்திருப்பாவா?"

பரிசாரியாரின் வாய் அசைந்தது. அந்த நேரத்திலாவது வேறு ஏதாவது சொல்லவேண்டும் என்று நான் அல்லாஹ்விடம் கேட்டேன். அவரால் முடியவில்லை.

"தெரியா" என்றார்.

மருமகன் கையை ஓங்கிவிட்டான். குடில் வாசலில் இருந்து மாமியின் குரல் வந்தது.

"அவருக்கு ஏசாதீங்க மருமகன். புள்ளைக்கு நான் குடுத்த."

எல்லாரும் திரும்பினோம். மாமி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. முக்காடு தோளில் விழுந்து கிடந்தது. அதை இழுத்துப் போடவில்லை.

"இவருக்குத் தெரியாம நான் குடுத்த. இலை என்ட கையில இருக்கக்குள்ள என்ட புள்ளைய எப்படிச் சும்மா பாத்துக்கிட்டு இரிக்கிற?"

பரிசாரியார் எழும்பினார். கேள்வி அவரை அறியாமல் வாயில் இருந்து விழுந்தது.

"அவிச்சா, அரைச்சா?"

"அரைச்சு. ஆட்டுப்பால்ல."

"எத்தினை வேளை?"

"காலையும் அந்தியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வரைக்கும்." பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாருக்குச் சொல்வதுபோல் மாமி ஒவ்வொன்றாகச் சொன்னா. பிறகு அவவுக்கே விளங்கியது, அவர் எதற்காகக் கேட்கிறார் என்று. அப்படியே மண்ணில் குந்திவிட்டா.

"அப்ப நான்தானா? இலைதானா என்ட புள்ளையக் கொண்டுபோன? சொல்லுங்க. ஒங்களுக்குத்தானே தெரியும்."

மருமகன் ஓங்கிய கையைக் கீழே விட்டிருந்தான். எங்கோ தெருவில் ஐஸ்பழக்காரனின் மணி கேட்டது.

"இல்ல" என்றார் பரிசாரியார். "அந்த இலை ஒண்டும் செய்யல்ல."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார்.

மாமி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா. அவரும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கிட்டப் போய் அவவின் முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுவிட்டார். மருமகன் தூணில் சாய்ந்து அழத் தொடங்கினான்.

ஊசியின் கீழ் என் துணி பாதியில் நின்றது. குடித்துப் பார்க்காமல், இறக்காமம் வரை போய்ப் பார்க்காமல், அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நாளில் டாக்குத்தர் வந்தார். வருத்தம் ஊரில் தணிந்திருந்தது. மாமி கதவுக்குப் பின்னால் நின்று, "வெள்ளை நூல்தான் இலை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனா. இருவரும் ஒவ்வொரு வீடாக ஞாபகப்படுத்திக் கதைத்தார்கள். இன்ன வீட்டுக் கிழவருக்குக் கண் எப்போது வெளுத்தது, இன்ன வீட்டுப் பொடியன் எப்போது சோறு கேட்டான். வெள்ளை நூலிலும் கறுப்பு நூலிலும் ஆட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் எழும்பியிருந்தார்கள்.

"நல்லதும் செய்யல்ல, கெட்டதும் செய்யல்ல எண்டு சொல்லலாமோ?" என்றார் டாக்குத்தர்.

பரிசாரியார் குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். எழும்பி, டாக்குத்தரை என் கொட்டில் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். சத்தத்தைக் குறைத்தார்.

"அப்படிச் சொல்ல ஏலா டாக்குத்தர். குடிச்ச பக்கத்துல ஒரு மௌத்து இரிக்கி." நடந்ததைச் சொன்னார். மகள் என்று சொல்லவில்லை. புள்ளத்தாச்சி ஒராள் என்றுதான் சொன்னார்.

அது யார் என்று டாக்குத்தருக்கு விளங்கியது. "அந்த வருத்தமே போதும் ஐயா. இலை இல்லாமலும் அப்படித்தான் முடிஞ்சிருக்கும்."

"தெரியுமா?"

டாக்குத்தர் கீழே பார்த்தார். "தெரியாது."

"எனக்கும் தெரியா. இலையா வருத்தமா எண்டு இனி ஆருக்கும் தெரியவும் மாட்டா." கொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு நான் தெரியும் எண்டு சொல்லிட்டன். அவ எப்பவாவது ஒங்களிட்ட வந்து கேட்டா, நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

டாக்குத்தர் தலையாட்டினார். என் பக்கம் இருவரும் பார்க்கவில்லை. மெசின்தானே இருக்கிறது.

அடுத்த வருசம் டாக்குத்தர் மாற்றலாகிப் போனார். பரிசாரியார் செங்கமாரிக்கு இலை கொடுப்பதை விட்டுவிட்டார். வருகிறவர்களிடம், "படு. கொழுப்புத் திங்காத. கொதிச்சாறின தண்ணி குடி. தன்பாட்டுல போகும்" என்று சொல்லி அனுப்பினார். மருந்து தராத பரிசாரியிடம் யார் வருவார்கள்? சனம் வேறு இடங்களுக்குப் போனது. கடப்படி வெறிச்சோடியது. பிள்ளைத்தாச்சி யாராவது மஞ்சள் கண்ணோடு வந்தால் மட்டும், குடையை விரித்து அவளுக்குப் பிடித்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரி வரை நடந்து போவார். மாரி பிறந்து வேலியோரம் அந்தச் செடி முளைத்தால் பிடுங்கவும் மாட்டார், மிதிக்கவும் மாட்டார். சுற்றிப் போவார்.

ஒரு மாற்றம் கண்டேன். அதற்குப் பிறகு மாமி எதைக் கேட்டாலும் அவர் தெரியா என்று சொல்வதில்லை. உப்புக் காணுமா? காணும். மழை வருமா? வரும். அவருடைய அந்தச் சொல் அந்த வீட்டில் அன்றோடு நின்றுபோயிற்று. வெளி ஆட்களுக்கு அவர் பழைய ஆள்தான்.

எண்பத்தாறு அல்லது ஏழில் அவர் மௌத்தானார். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. பக்கத்து வீட்டார் ஏதோ கசாயம் கொண்டுவந்தபோது வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன என்று சொல்லாமல் சிரித்தாராம்.

புருசன் மௌத்தான பின் வீட்டுக்குள் இருக்கும் இத்தா முடிந்து மாமி வெளியே வந்த முதல் நாள், அவருடைய வெள்ளைச் சாரம் ஒன்றை மடித்துக்கொண்டு என் கொட்டிலுக்கு வந்தா. தலையணை உறை தைத்துத் தரச் சொன்னா. அளவு நாடாவை எடுக்க மெசின் லாச்சியைத் திறந்தேன். அடியில் அந்தச் சின்னச் சட்டைகள் இரண்டும் கிடந்தன. மூடிவிட்டேன். மாமி கண்டாவோ தெரியாது.

போவா என்று பார்த்தேன். போகவில்லை. அளவு கொடுக்க வருகிறவர்கள் குந்தும் வாங்கில் இருந்தா.

"மகன்."

"ஓம் மாமி."

"அவரு தெரியாத ஒண்டைத் தெரியும் எண்டு சொல்ற ஆளா? நீ எத்தினை வருசம் இந்த வாசல்ல இரிக்காய். எப்பவாவது கேட்டிரிக்கியா?"

சாரத்தின் ஓரத்தை மெசினின் காலுக்குக் கீழே வைத்து நேராக்கினேன்.

"இல்ல மாமி" என்றேன்.

"அதுதான்" என்றா. "அந்த ஒண்டுலதான் மகன் நான் உசிரோட இரிக்கன்."

எழும்பி, வேலியோரமாக மெல்ல நடந்து போனா. நான் சக்கரத்தைச் சுற்றினேன்.